எண்ணிக்கை வேறு, அடர்த்தி வேறு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் குறுகிய தெருக்களில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கின்றன. அதே கர்நாடகத்தின் குடகு மாவட்டத்திலோ, அடுத்த வீட்டைக் காணக் காப்பித் தோட்டங்களைக் கடக்க வேண்டியிருக்கும். இவ்வேறுபாட்டை அளந்து கூறுவதே மக்கள்தொகை அடர்த்தி.

வாழ்வோரின் மொத்த எண்ணிக்கை மக்கள்தொகை. அதனை நிலப்பரப்பால் வகுத்தால் கிடைப்பது அடர்த்தி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பெங்களூரு நகர மாவட்டத்தின் மக்கள்தொகை 96,21,551. பரப்பு 2,196 சதுர கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால், ஒரு சதுர கிலோமீட்டருக்கு 4,381 பேர். குடகின் பரப்பு இதைப்போல் ஏறத்தாழ இருமடங்கு. ஆயினும் அங்கு வாழ்ந்தோர் 5,54,519 பேரே. அடர்த்தி 135. மாநிலச் சராசரியான 319 இவ்விரண்டில் எதற்கும் பொருந்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

கண்டங்களையும் இவ்வாறே ஒப்பிடலாம். பின்வருபவை தோராயமான இன்றைய அளவுகள்:

ஆசியா: 480 கோடி மக்கள், அடர்த்தி 100-க்குச் சற்று மேல்
ஆப்பிரிக்கா: 150 கோடி, அடர்த்தி 50
ஐரோப்பா: 74 கோடி; அடர்த்தி 70-க்குச் சற்று மேல்
வட அமெரிக்கா: 61 கோடி, அடர்த்தி 25
தென் அமெரிக்கா: 43 கோடி; அடர்த்தி 24
ஓசியானியா: 4.6 கோடி, அடர்த்தி 5

அண்டார்க்டிகாவில் நிலையான குடிமக்கள் இல்லை. ஆப்பிரிக்காவில் ஐரோப்பாவைப்போல் இருமடங்கு மக்கள் வாழ்ந்தும், பரப்பு மும்மடங்கு என்பதால் அடர்த்தி குறைவு. இங்கும் சராசரி முழு உண்மையைக் கூறாது. சகாரா பாலைவனம் வெறிச்சோடிக் கிடக்க, எகிப்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நைல் நதியை ஒட்டியே நெருங்கி வாழ்கின்றனர்.

வங்கிப் பணியிலும் இவ்வேறுபாடு முக்கியமானது. ரிசர்வ் வங்கி, மக்கள்தொகையைக் கொண்டு ஊர்களை வகைப்படுத்துகிறது: 10,000-க்குக் குறைந்தால் கிராமப்புறம், ஒரு லட்சத்திற்குக் குறைந்தால் அரை நகர்ப்புறம், பத்து லட்சத்திற்குக் குறைந்தால் நகர்ப்புறம், அதற்கு மேல் பெருநகரம். எண்ணிக்கை ஊரின் வகையைக் காட்டும்; அடர்த்தியோ வாடிக்கையாளரின் சிரமத்தைக் காட்டும். நெருக்கமான பகுதியில் சிரமம் வரிசையின் நீளம். மக்கள் பரவி வாழும் பகுதியில் சிரமம் கிளைக்குச் செல்லும் தொலைவு. முன்னதற்குக் கூடுதல் முகப்புகளும் ஏ.டி.எம்.களும் தேவை, பின்னதற்கு ஊர் தேடிச் செல்லும் வங்கி மித்ராக்கள் தேவை.

ஆனால், நம் கையிலுள்ள கணக்கு பழையது. பெங்களூரு நகர மாவட்டத்தின் அடர்த்தி 2001-இல் 2,985. பத்தே ஆண்டுகளில் அது 4,381 ஆயிற்று. 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அடுத்த கணக்கெடுப்புக்கு நாட்டின் பெரும்பகுதியில் 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது.

ஸ்ரீராம்புரத்தில் வாழ்ந்துகொண்டே, "சொந்த ஊரிலேயே பெயர் இருக்கட்டும்" என எண்ணுவோர் நம்மிடையே இருக்கலாம். வழக்கமாக எங்கு வசிக்கிறோமோ, அங்கேயே எண்ணப்படுதல் வேண்டும். இதனால் பூர்வீகச் சொத்தில் நமக்குள்ள உரிமை குறையாது. கணக்கெடுப்பில் தரும் தனிப்பட்ட விவரங்களையும் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. வாழும் தெருவில் நாம் எண்ணப்படாவிட்டால், அத்தெருவின் குடிநீரும் பள்ளியும் மருத்துவமனையும் வங்கிக் கிளையும் குறைந்த எண்ணிக்கையினருக்கே திட்டமிடப்படும். ஆகவே, கணக்கெடுப்பாளர் வரும்போது வீட்டிலுள்ள அனைவரையும், மழலை முதல் முதியோர் வரை, விடாமல் கூறுவோம்.