நாலு கார்டு டெஸ்ட்: கிட்டார் வாங்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்



ஒவ்வொரு வருஷமும் ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஹாஸ்டலுக்கு வந்த ரெண்டாவது மாசத்துல யாராவது ஒருத்தர் என் ரூம் கதவைத் தட்டுவாங்க. "அண்ணே, கிட்டார் வாங்கலாம்னு இருக்கேன். ஆன்லைன்ல வாங்கவா, கடையில வாங்கவா?" நான் ஃபைனல் இயர். அடுத்த வருஷம் கதவைத் தட்டினா திறக்க ஆள் இருக்காது. அதனால எல்லாத்தையும் இங்கேயே எழுதி வச்சுட்டுப் போறேன். என் தமிழ்ல பிழை இருந்தா எடிட்டரைத் திட்டுங்க.

முதல்ல என் கதை

எனக்குச் சொந்த ஊர் சின்னமனூர். ஃபர்ஸ்ட் இயர் லீவுல, பொங்கல் காசையும் சேர்த்து வச்சதையும் போட்டு, ஆன்லைன்ல 3,499 ரூபாய்க்கு ஒரு கிட்டார் ஆர்டர் பண்ணேன். ஸ்டார் ரேட்டிங் பாத்தேன், கலர் பாத்தேன், கூட என்னென்ன இலவசமா வருதுன்னு பாத்தேன். அவ்வளவுதான். பெட்டி வந்த அன்னைக்குத் தெருவே வந்து பாத்துச்சு.

நாலு மாசம் வாசிச்சேன். விரல் நுனி தோல் உரிஞ்சுது. சி, ஜி எல்லாம் எப்படியோ வந்துருச்சு. எஃப் மேஜர் மட்டும் வரவே இல்ல. ஆள்காட்டி விரலை கம்பிகளுக்குக் குறுக்கே படுக்க வச்சு அழுத்தினா, பாதிக் கம்பி "டொக் டொக்"னு செத்த சத்தம்தான் தரும். யூடியூப்ல எல்லாரும் சொன்னது ஒரே பதில்: "பிராக்டிஸ் பண்ணுங்க, வந்துரும்." எனக்கு வரல. ராஜா சார் பிறந்த பண்ணைப்புரம் இருக்கற அதே தாலுகாக்காரன் நான், எனக்கு இசை வரலையேன்னு நினைச்சுக்கிட்டு கிட்டாரைப் பரண்ல ஏத்திட்டேன்.

தேர்ட் இயர்ல ராயப்பன்பட்டில ஒரு ஃப்ரெண்டு வீட்டு விசேஷத்துக்குப் போனேன். அங்க சர்ச்ல கிட்டார் வாசிக்கற ஒரு அண்ணன்கிட்ட பேச்சு வாக்குல இதைச் சொன்னேன். "அடுத்த தடவை வரும்போது அதை எடுத்துட்டு வா தம்பி"ன்னார். எடுத்துட்டுப் போனேன். அவர் வாசிச்சுக்கூடப் பாக்கல. பர்ஸ்ல இருந்து ஏ.டி.எம். கார்டு, பான் கார்டு, லைசென்ஸ் எல்லாத்தையும் எடுத்து ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி, 12-வது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவுல சொருகினார். நாலு உள்ள போச்சு. என் பர்ஸ்ல இருந்தும் ரெண்டு கேட்டார். அஞ்சு போச்சு. ஆறாவதும் போச்சு.

"உனக்குக் கை வரலன்னு யார் சொன்னது? இதை நானே வாசிக்க முடியாது"ன்னார்.

ரெண்டு வருஷமா நான் குறை சொல்லிட்டு இருந்தது என் கையை. குறை இருந்தது கிட்டார்ல.

அந்த ஆறு கார்டு என்ன சொல்லுது?

கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல இருக்கற உயரத்துக்கு ஆக்‌ஷன்னு பேர். ஏ.டி.எம். கார்டோட தடிமன் உலகம் முழுக்க ஒரே ஸ்டாண்டர்ட், 0.76 மி.மீ. அதனால கார்டுதான் நம்ம பாக்கெட் ஸ்கேல் (எண் மேடா இருக்கற பழைய கார்டு வேண்டாம், தட்டையா இருக்கணும்):

- 3 கார்டு: சுமார் 2.3 மி.மீ. ஸ்டீல் கம்பி கிட்டாருக்கு நல்ல உயரம்.
- 4 கார்டு: சுமார் 3 மி.மீ. இது லூஸா உள்ள போனா உயரம் அதிகம், சரி பண்ண வேண்டியிருக்கும்.
- 5 கார்டும் அதுக்கு மேலயும்: புதுசா கத்துக்கறவங்க தொடவே வேண்டாம்.

அளக்க வேண்டியது தடிமனான 6-வது கம்பிக்குக் கீழ, 12-வது ஃப்ரெட்டு மேல. கம்பியைத் தூக்காம கார்டு போகணும். நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல் கிட்டாருக்கு மட்டும் 4 மி.மீ. வரைக்கும் சாதாரணம், ஏன்னா அந்தக் கம்பி அகலமா ஆடும்.

இப்போ நம்ம மெக்கானிக்ஸ் பேப்பரைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்குவோம். ரெண்டு பக்கமும் இழுத்துக் கட்டின கம்பியைக் கீழ அழுத்த எவ்வளவு விசை வேணும்?

விசை = இழுவிசை × உயரம் × (1/இடது பக்க நீளம் + 1/வலது பக்க நீளம்)

உயரம் ரெண்டு மடங்கானா விசையும் ரெண்டு மடங்கு. என் கிட்டார்ல ஆறு கார்டு, அதாவது 4.5 மி.மீ. மூணு கார்டு கிட்டார் வாசிக்கறவன் கொடுக்கற விசையைப் போல ரெண்டு மடங்கு கொடுத்திருக்கேன், அதுவும் ஒவ்வொரு கம்பிக்கும்.

இன்னொண்ணு. 648 மி.மீ. நீளக் கம்பில 12-வது ஃப்ரெட் சரியா நடுவுல, 324-ல இருக்கும். முதல் ஃப்ரெட் நட்ல இருந்து வெறும் 36 மி.மீ. தூரம்தான். ஃபார்முலால போட்டுப் பாருங்க: முதல் ஃப்ரெட்ல 1 மி.மீ. அழுத்தறதும், 12-வது ஃப்ரெட்ல 4.5 மி.மீ. அழுத்தறதும் கிட்டத்தட்ட ஒரே விசை. எஃப் மேஜர் பிடிக்கறது முதல் ஃப்ரெட்ல. அதனால தலைப் பக்கம் கம்பி உக்காந்திருக்கற நட் கொஞ்சம் உயரமா இருந்தாலே எஃப் கனவாயிடும்.

கடையில கையில எடுத்ததும் பாக்க வேண்டியது

வாசிக்கத் தெரியலன்னாலும் இதையெல்லாம் பண்ணலாம். பத்து நிமிஷம் போதும். முதல்ல கடைக்காரர்கிட்ட டியூன் பண்ணித் தரச் சொல்லுங்க. ஸ்டீல் கம்பி ஆறும் சேர்ந்து சுமார் 70 கிலோ இழுக்கும். டியூன் பண்ணாத கிட்டார்ல அந்த இழுப்பு இல்ல, அப்போ எடுக்கற அளவு எதுவும் உண்மையா இருக்காது.

1. கார்டு டெஸ்ட். மேல சொன்னதுதான்.

2. நட் டெஸ்ட். கம்பியை மூணாவது ஃப்ரெட்ல அழுத்திட்டு, முதல் ஃப்ரெட்டுக்கு மேல எவ்வளவு இடைவெளின்னு பாருங்க. ஒரு பேப்பர் தடிமன் இருந்தா நல்லது. நல்லா தெரியற அளவுக்கு இடைவெளி இருந்தா நட் உயரம்.

3. கழுத்து. துப்பாக்கி குறி பாக்கற மாதிரி, தலைப் பக்கத்துல இருந்து ஒரு கண்ணை மூடிட்டுப் பாருங்க. முறுக்கிட்டு இருந்தா அப்படியே வச்சுட்டு வந்துருங்க. அடுத்து, முதல் ஃப்ரெட்டையும் 14-வது ஃப்ரெட்டையும் ஒரே நேரத்துல அழுத்துங்க. 7-வது ஃப்ரெட் பக்கம் ரெண்டு மூணு ஏ4 பேப்பர் தடிமனுக்கு இடைவெளி இருக்கணும். கூடுதலா இருந்தா கழுத்துக்குள்ள இருக்கற டிரஸ் ராடைத் திருப்பி சரி பண்ணலாம். அந்த ராடே இல்லாத சீப் ஸ்டீல் கம்பி கிட்டாரை வாங்காதீங்க.

4. எல்லா ஃப்ரெட்டும். ஒவ்வொரு கம்பியையும் முதல் ஃப்ரெட்ல இருந்து 14 வரைக்கும் ஒவ்வொண்ணா அழுத்தித் தட்டுங்க. "ஜிர்ர்"னு சத்தம் வந்தா, அடுத்த ஃப்ரெட்ல எங்கயோ இடிக்குது.

5. சுதி. போன்ல டியூனர் ஆப் போடுங்க. 12-வது ஃப்ரெட் மேல கம்பியை லேசா தொட்டு ஹார்மோனிக் எழுப்புங்க, அப்புறம் அதே ஃப்ரெட்டை அழுத்தி வாசிங்க. ரெண்டும் ஒரே ஸ்வரம் காட்டணும். அஞ்சு சென்ட் வித்தியாசம் பரவாயில்ல. பத்துக்கு மேல எகிறினா, கழுத்துல மேல போகப் போக சுதி விலகிட்டே போகும். உங்க காதையே நீங்க சந்தேகப்பட ஆரம்பிச்சுருவீங்க.

6. ஓரமும் பிரிட்ஜும். கழுத்து ஓரமா கையை ஓட்டிப் பாருங்க. ஃப்ரெட் முனை குத்தினா, மரம் காய்ஞ்சு சுருங்கியிருக்கு, உலோகம் சுருங்கலன்னு அர்த்தம். பிரிட்ஜுக்கும் பலகைக்கும் நடுவுல ஒரு பேப்பர் நுழைஞ்சா ஒட்டு விடுது.

கடைசியா ஒண்ணு. கூட வந்தவரையோ கடைக்காரரையோ வாசிக்கச் சொல்லிட்டு நீங்க எதிர்ல நில்லுங்க. கிட்டார் சத்தம் முன்னாடிதான் போகும், வாசிக்கறவருக்குப் பாதிதான் கேக்கும்.

சித்தப்பா கேட்ட கேள்வி

இந்தப் பாடத்துக்குப் பரீட்சை இந்த மார்ச்ல வந்துச்சு. சுருளிப்பட்டில எங்க சித்தப்பாவுக்குக் கொஞ்சம் பன்னீர் திராட்சைத் தோட்டம். பிளஸ் ஒன் படிக்கற அவர் பொண்ணு கிட்டார் கேட்டா. சித்தப்பா என்னைப் பாத்து, "வாங்கித் தரலாம்யா. உன்னைய மாதிரி பரண்ல போடுறதுக்கா?"ன்னார். எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. 6,000 ரூபாய் தர்றேன், ஒரே தடவைதான்னு சொல்லிட்டார்.

"சித்தப்பா, சந்தையில திராட்சை வாங்கறவங்க ஒண்ணை வாயில போட்டுப் பாக்காம வாங்குவாங்களா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு பஸ்ஸுக்குக் காசையும் சேர்த்துக் கொடுத்தார்.

தேனில இருந்து ஆண்டிபட்டி, உசிலம்பட்டி வழியா மதுரை ஆரப்பாளையம் சுமார் 75 கிலோமீட்டர். அவளுக்குக் கம்பத்துல இருந்துன்னா இன்னும் தூரம். கடையில அவ கேட்ட மாடல் மூணு இருந்துச்சு. ஒரே கம்பெனி, ஒரே விலை, ஒரே கலர். முதல் கிட்டார்ல நாலு கார்டு தாராளமா போச்சு. ரெண்டாவதுல 3-வது கம்பி அஞ்சாவது ஃப்ரெட்ல ஜிர்ருன்னுச்சு. மூணாவதுல மூணு கார்டு போய் நாலாவது நின்னுச்சு, சுதியும் சரி. அதை எடுத்தோம்.

அன்னைக்குத்தான் எனக்கு ஒரு விஷயம் விளங்குச்சு. ஆன்லைன் ரிவ்யூ எல்லாம் மாடலைப் பத்திப் பேசுது. நம்ம கைக்கு வர்றது ஒரு பீஸ். மரம், ஒட்டு, கழுத்து கோணம், நட், சேடில்னு ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் கொஞ்சம் டாலரன்ஸ். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துட்டா நாலு ஸ்டார் மாடல்லயும் ஆறு கார்டு பீஸ் வரும். விலை குறைஞ்ச கிட்டார்ல அதை ஒவ்வொண்ணா உக்காந்து சரி பண்ண ஆள் போட மாட்டாங்க.

அப்போ ஆன்லைன்ல வாங்கவே கூடாதா?

அப்படிச் சொல்ல மாட்டேன். மேகமலைல இருந்தோ குமுளிப் பக்கம் இருந்தோ வர்றவங்களுக்கு ஒரு நாள் வேலையை விட்டுட்டு மதுரை போறது சின்ன விஷயம் இல்ல. கடையில இல்லாத மாடல் ஆன்லைன்ல இருக்கும், விலையும் சில நேரம் குறையும். சின்னக் கடையில ரெண்டே ரெண்டு கிட்டார் இருந்து, ரெண்டும் மோசமா இருந்தா, கடைக்குப் போனதுல என்ன லாபம்? கம்பி அறுந்துரும்னு தொடவே விடாத கடையும் ஆன்லைனும் ஒண்ணுதான்.

ஆன்லைன்ல வாங்கினா இப்படிப் பண்ணுங்க:

- ரிட்டர்ன் உண்டா, இல்ல ரீப்ளேஸ்மென்ட் மட்டும்தானான்னு ஆர்டர் பண்றதுக்கு முன்னாடியே படிங்க. எத்தனை நாள்னும் பாருங்க. அந்த நாள்கள்தான் உங்க கடை.
- பெட்டி பிரிக்கறதை வீடியோ எடுங்க. பெட்டியைத் தூக்கிப் போட்டுராதீங்க.
- முதல் நாளே டியூன் பண்ணி ஆறு டெஸ்ட்டும் பண்ணுங்க. கார்டு உள்ள இருக்கற மாதிரி ஃபோட்டோ எடுங்க. "வாசிக்க கஷ்டமா இருக்கு"ன்னு எழுதறதை விட "12-வது ஃப்ரெட்ல 4.5 மி.மீ."ன்னு எழுதினா பதில் வேகமா வரும்.
- புதுக் கம்பி ரெண்டு மூணு நாள் இழுபட்டு டியூனிங் இறங்கும். அது குறை இல்ல, பயப்படாதீங்க.

கொஞ்சம்தான் உயரம்னா திருப்பி அனுப்பவே வேண்டாம். பிரிட்ஜ் மேல இருக்கற வெள்ளைப் பட்டைதான் சேடில். 12-வது ஃப்ரெட் கம்பியோட நடுப்புள்ளி. ஒத்த முக்கோணக் கணக்குப்படி, அங்க அரை மி.மீ. இறக்க சேடில் அடிப்பக்கத்துல 1 மி.மீ. தேய்க்கணும். உப்புத்தாளைச் சமதளத்துல வச்சு, கொஞ்சம் கொஞ்சமா தேய்ச்சு, மாட்டி மாட்டி அளந்து பாக்கணும். கூடுதலா தேய்ச்சுட்டா திரும்ப வளராது. என் கிட்டாருக்கு 2 மி.மீ. இறக்கணும்னா சேடில்ல 4 மி.மீ. தேய்க்கணும். அதுல அவ்வளவு உயரமே இல்ல. கழுத்து ஒட்டின கோணமே தப்பு. முதல் வாரமே அளந்திருந்தா திருப்பி அனுப்பியிருப்பேன். நாள் முடிஞ்சு ரெண்டு வருஷம் கழிச்சு அளந்து என்ன பண்றது?

வாங்கினதுக்கு அப்புறம்

கிட்டார் மரத்துக்குப் பிடிச்சது 45-ல இருந்து 55 சதவீத ஈரப்பதம். நம்ம பக்கம் சித்திரை வெயில்ல மரம் காயும், ஐப்பசி மழையில ஊறும். அதனால வாங்கின அன்னைக்கு மூணு கார்டு போன கிட்டார் டிசம்பர்ல நாலு காட்டலாம். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை அளந்து பாருங்க. வெயில்ல நிக்கற கார்லயும் பரண்லயும் வைக்காதீங்க.

ராஜா சார் இந்தப் பள்ளத்தாக்குல இருந்து சென்னை போய், தன்ராஜ் மாஸ்டர்கிட்ட கத்துக்கிட்டு, லண்டன் டிரினிட்டி காலேஜோட கிளாசிக்கல் கிட்டார் பரீட்சையில தங்கப் பதக்கம் வாங்கினவர். 1976-ல "அன்னக்கிளி" வர்றதுக்கு முன்னாடி ஜி.கே. வெங்கடேஷ்கிட்ட கிட்டார் வாசிச்சவர். நம்ம எல்லாருக்கும் அவர் கை வராதுதான். ஆனா நமக்கு வருமா வராதான்னு தெரிஞ்சுக்கவாவது வாசிக்க முடியற ஒரு கிட்டார் வேணும்ல?

தங்கச்சி போன வாரம் போன் பண்ணா. "அண்ணே, எஃப் இன்னும் சரியா விழல"ன்னா. "எத்தனை கார்டு?"ன்னு கேட்டேன். "மூணுதான், காலையிலகூட பாத்தேன்"ன்னா.

"அப்போ பிராக்டிஸ் பண்ணு, வந்துரும்"னு சொன்னேன்.