கண் சிவப்பெல்லாம் மெட்ராஸ் ஐ அல்ல



கண் சிவந்தால் நம் வீடுகளில் உடனே சொல்வது, "மெட்ராஸ் ஐ" அல்லது "உடம்புச் சூடு". மருந்துக்கடையில் ஒரு சொட்டு மருந்து வாங்கி விட்டுக்கொண்டு நான்கைந்து நாள் பொறுத்துப் பார்க்கிறோம். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது. ஆனால் அப்படிப் பொறுத்திருக்கக் கூடாத ஒரு சிவப்பும் உண்டு. அது கண்ணின் வெள்ளைச் சுவரில் ஏற்படும் அழற்சி. மருத்துவர்கள் இதை ஸ்கிளீரைட்டிஸ் என்கிறார்கள்.

வித்தியாசம் என்ன?

மெட்ராஸ் ஐ, கண்ணின் மேல் உள்ள மெல்லிய சவ்வில் வரும் தொற்று. உறுத்தல், நீர்வடிதல், பீளை இருக்கும், வலி குறைவு. வீட்டில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும்.

ஸ்கிளீரைட்டிஸ், அச்சவ்வுக்கு அடியில் உள்ள விழிச்சுவரைத் தாக்குகிறது. கண்ணை அசைக்கும் தசைகள் இச்சுவரில்தான் ஒட்டியுள்ளன. அதனால் கண்ணைத் திருப்பினாலே வலிக்கும். வலி ஆழமாகக் குடைவது போலிருந்து நெற்றி, தாடை வரை பரவும். இரவில் அதிகமாகித் தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும். சிவப்பில் கருநீலச் சாயல் தெரியும். பீளை பொதுவாக இராது. வெளிச்சம் கூசும், பார்வை மங்கலாம். சுவரின் பின்பகுதியில் அழற்சி வந்தால் கண் சிவக்காமலேயே வலியும் மங்கலும் வரும்.

ஏன் வருகிறது?

ஏறத்தாழப் பாதிப் பேருக்கு உடம்பில் வேறொரு நோய் மறைந்திருக்கும். அவற்றில் முதன்மையானது முடக்குவாதம். மதுரையில் 1976-ல் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய டாக்டர் ஜி. வெங்கடசாமியின் கைவிரல்களைக் கோணச் செய்தது இந்நோய்தான். விரல்களை வளைக்கும் அதே நோய் சிலருக்குக் கண்ணின் சுவரையும் தாக்குகிறது. லூபஸ், இரத்தநாள அழற்சி, காசநோய், மேகநோய், அக்கி ஆகியவையும் காரணமாகலாம். வயல் வேலையில் கண்ணில் படும் காயம், முன்பு செய்த கண் அறுவை சிகிச்சை ஆகியவற்றின் வழியாகவும் கிருமி நுழையலாம்.

நடுத்தர வயதுப் பெண்களிடம் இது சற்று அதிகம். காலையில் விரல் மடக்க முடியவில்லை என்பதை "வேலைக் களைப்பு" என்று தாய்மார்கள் மறைத்துவிடுகிறார்கள். கண் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

கவனிக்காவிட்டால்?

அழற்சி கருவிழிக்கும் கண்ணின் உட்பகுதிக்கும் பரவலாம். கண் அழுத்தம் உயரலாம், புரை விழலாம், விழித்திரை பிரியலாம். சுவர் மெலிந்து, உள்ளிருக்கும் நிறம் நீலமாகத் தெரியும். அரிதாக ஓட்டையும் விழலாம். நெடுநாள் முடக்குவாதம் உள்ள சிலருக்கு வலியே இல்லாமல் சுவர் கரைவதுண்டு. எனவே அவர்கள் வலி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

சிகிச்சை

வெறும் சொட்டு மருந்து பெரும்பாலும் போதாது. இரத்தப் பரிசோதனை, மார்பு எக்ஸ்ரே, தேவைப்பட்டால் கண் ஸ்கேன் எடுத்துக் காரணத்தைக் கண்டறிவார்கள். லேசான நிலையில் அழற்சி தணிக்கும் வலி மாத்திரை தருவார்கள். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் இருந்தால் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தீவிரமானால் ஸ்டீராய்டு, பிறகு மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள். கிருமியால் வந்ததென்றால் அதற்குரிய மருந்துதான் முதலில். அப்போது நாமாக ஸ்டீராய்டு சொட்டு விடுவது கேட்டைப் பெருக்கும். காசநோய் மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

மூன்று எச்சரிக்கைகள்:

1. மெத்தோட்ரெக்ஸேட் வாரம் ஒருமுறை மட்டுமே. தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு ஆகாது.

2. ஸ்டீராய்டை நாமாகத் திடீரென நிறுத்தக் கூடாது. ரமலானில் நோன்பு வைக்கலாமா, மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரிடம் முன்பே கேளுங்கள். நோயாளி நோன்பைப் பின்னர் களாச் செய்ய மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

3. வலிக்கும் கண்ணில் சுர்மா, தாய்ப்பால், இலைச்சாறு எதையும் விடாதீர்கள்.

எங்கே போவது?

துறையூர் அரசு மருத்துவமனையில் காட்டலாம். அங்கிருந்து அனுப்பினால் திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையின் கண் பிரிவுக்குத் தாமதிக்காமல் செல்லுங்கள். இரவில் தூங்கவிடாத வலியோ, பார்வை மங்கலோ இருந்தால் அன்றன்றே போய்விட வேண்டும். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துச் செல்ல மறவாதீர்கள்.

நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குச் சொல்லியிருக்கிறார்கள். பார்வை அல்லாஹ் தந்த அமானிதம். அதைக் காலத்தோடு காப்போம். நோயுற்ற அனைவருக்கும் அவன் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.