ஒரு வருடத்தை எங்கே கொடுப்பது?

அன்புள்ள மகளுக்கு,

உன் அறைத்தோழி பட்டம் வாங்கியதும் வேலை தேடாமல் ஒரு வருடத்தைச் சேவைக்கு ஒதுக்கப் போகிறாள், யூத அமைப்புகள் நடத்தும் நாலைந்து திட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு எதில் சேர்வதென்று திண்டாடுகிறாள் என்று எழுதியிருந்தாய். அவளுக்கு உதவும், உனக்கும் விஷயம் தெரிந்த மாதிரி இருக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இந்தத் திட்டங்களின் விளம்பரங்களில் ஊர்ப்பெயர்தான் பெரிதாக இருக்கும். நியூ ஆர்லியன்ஸ், மும்பை, ருவாண்டா, இஸ்ரேல். பிள்ளைகளும் ஊரைப் பார்த்தே மயங்குகிறார்கள். பத்துப் பதினோரு மாதம் அங்கே இருந்துவிட்டு வந்தவர்களோ ஊரைப் பற்றிக் கொஞ்சமும், மேலதிகாரியையும் கூடத் தங்கியவர்களையும் பற்றி நிறையவும் பேசுவார்கள். எனவே அவள் பார்க்கவேண்டியது மூன்று: பகலில் என்ன வேலை, ராத்திரி யாரோடு வீடு, அவளை வரச்சொல்லிக் கேட்டது யார்.

மூன்றாவதிலிருந்தே தொடங்குகிறேன்.

1964 கோடையில் மிசிசிப்பி மாநிலத்தில் கறுப்பின மக்களை வாக்காளர்களாகப் பதிவுசெய்ய ஆயிரம் பேர் அளவில் இளைஞர்கள் திரண்டார்கள். வடக்கிலிருந்து வந்த வெள்ளை மாணவர்களில் யூதர்கள் கணிசம். அவர்களைத் தேர்ந்தெடுக்க நேர்காணல் நடத்தியவர்கள் படிப்பையும் பேச்சுத்திறனையும் மட்டும் பார்க்கவில்லை. உள்ளூர்க் கறுப்பினத் தலைவர்களின் கீழ் வேலை செய்ய மனம் ஒப்பாதவர்களைக் கழித்துக்கட்டினார்கள். கைதானால் ஜாமீனுக்கு ஆகும் 500 டாலரையும் கையோடு கொண்டுவரச் சொன்னார்கள்.

அந்தக் கோடையில் கொல்லப்பட்டவர்களில் இருவர் நியூயார்க் யூதர்கள். இருபத்து நாலு வயது மைக்கேல் ஷ்வெர்னர் ஜனவரியிலேயே மனைவி ரீட்டாவுடன் மெரிடியன் நகரத்துக்கு வந்து, அங்கே ஒரு சமூக மையம் நடத்திக்கொண்டிருந்தார். இருபது வயது ஆண்ட்ரூ குட்மன் அந்த ஊருக்கு வந்தது ஜூன் 20-ஆம் தேதி. மறுநாள் இருவரும் உள்ளூர் இளைஞர் ஜேம்ஸ் சேனியுடன், எரிக்கப்பட்ட ஒரு தேவாலயத்தைப் பார்க்கப் போனார்கள். அன்று இரவே கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பின் ஆட்கள் மூவரையும் சுட்டுக் கொன்றார்கள். க்ளானின் குறி ஷ்வெர்னர்தான். ஊருக்குள் வேர்பிடித்துவிட்டார் என்பதே அவர்களுக்கு ஆத்திரம். அந்தத் தேவாலயம் எரிந்ததும், அதன் சபையார் அடிபட்டதும், அங்கே பள்ளி நடத்த அவருக்கு இடம் தர முன்வந்ததால்தான். வெளியூரிலிருந்து உதவிக்கு வருகிறவரின் ஆபத்தில் உள்ளூர்க்காரருக்கும் பங்கு உண்டு. சேனி மெரிடியன் ஊர்ப் பிள்ளை.

நாலு வருடம் கழித்து, 1968 ஏப்ரலில், மெக்சிகோவுக்குச் சேவைக்கு வந்த அமெரிக்க மாணவர்கள் முன்னால் சமூக விமர்சகர் இவான் இல்லிச் பேசினார். சுற்றிப் பார்க்க வாருங்கள், படிக்க வாருங்கள், உதவி செய்கிறேன் என்று மட்டும் வராதீர்கள் என்பதே அந்தப் பேச்சின் சாரம். அந்தக் கேலி இன்றைக்கும் சுடுகிறது. இதற்குப் பதில் சொல்ல முடிகிற அமைப்பு எது என்று உன் தோழி தேடினாலே பட்டியல் பாதியாகிவிடும்.

இனி வேலையும் வீடும். இரண்டையும் சேர்த்தே திட்டமாக வகுத்தது அவோடா என்ற அமைப்பு. யூத மதகுரு டேவிட் ரோசன் 1998-ல் நியூயார்க்கில் தொடங்கியது. பிறகு வாஷிங்டன், சிகாகோ என்று பரவி, கத்ரீனா புயலில் சிதைந்த நியூ ஆர்லியன்ஸுக்கும் போனது. இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் இளைஞர்கள் ஏறத்தாழ ஒரு வருடம் ஒரே வீட்டில் தங்குவார்கள். பகலில் வறுமையை எதிர்த்து இயங்கும் உள்ளூர் அமைப்புகளில் ஆளுக்கொரு வேலை, மாலைகளில் வறுமையின் காரணங்களையும் யூத மரபு அதைப் பற்றிச் சொல்வதையும் சேர்ந்து படிப்பது.

வேலை என்றால் பெரும்பாலும் மேஜை வேலை. இலவச சட்ட உதவி அலுவலகம் ஒன்றை எடுத்துக்கொள். வாடகை பாக்கிக்காக வீட்டைக் காலி செய்யச்சொல்லி நோட்டீஸ் வந்தவர் போன் செய்வார். அவரிடம் சம்பளச் சீட்டு, வாடகை ரசீது, ஒப்பந்த நகல் எல்லாம் கேட்டு வாங்கி, தேதிவாரியாக அடுக்கி, வழக்குக்கு முன்னால் வக்கீலின் கையில் கோப்பைக் கொடுக்கவேண்டும். ஒரு ரசீது விடுபட்டால் ஒரு குடும்பம் தெருவுக்கு வரலாம். இந்தக் காகித வேலையில் சலிப்புத் தட்டாதவளா உன் தோழி? அதை இப்போதே யோசித்துக்கொள்ளட்டும்.

வீட்டுக்கு வந்தால் சமையலறை. கோஷர் என்ற யூத உணவு முறைப்படி இறைச்சியும் பாலும் சேரக்கூடாது. இரண்டுக்கும் தனித்தனிப் பாத்திரம், தனித்தனிக் கரண்டி, கழுவும் பஞ்சுகூடத் தனி. அதைக் கறாராகப் பின்பற்றுகிறவளும், பன்றி இறைச்சி சாப்பிட்டே வளர்ந்தவனும் ஒரே அடுப்பைப் பகிரவேண்டும். ஓய்வுநாள் என்று வெள்ளி சூரியன் சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை விளக்கு சுவிட்சைத் தொடாதவள் ஓர் அறையில், வெள்ளி இரவுக் கச்சேரிக்குக் கிளம்புகிறவன் அடுத்த அறையில். வீட்டில் இறைச்சியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மீதிச் சண்டைக்கு வாராந்தரக் கூட்டம்தான். மடி, ஆசாரம், தனி அடுக்களை எல்லாம் பார்த்த குடும்பத்துப் பெண் நீ. உனக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கூட்டுவாழ்க்கை ஒத்துவராதவர்களுக்கும் வழியுண்டு. முதல் உலகப்போர் தொடங்கிய 1914-ல், கான்ஸ்டான்டினோபிளிலிருந்த அமெரிக்கத் தூதர் ஹென்றி மார்கெந்தாவ், பாலஸ்தீன யூதர்களின் பசிக்கு 50,000 டாலர் கேட்டு நியூயார்க்குக்குத் தந்தி அடித்தார். அதையொட்டிப் பிறந்தது ஜேடிசி என்ற நிவாரண அமைப்பு. அது உலகெங்கும் சிறிய யூத சமூகங்களுக்கு ஒரு வருடப் பணிக்கு இளைஞர்களை அனுப்புகிறது. மும்பைக்கும் அனுப்பியிருக்கிறது. அங்கே இருக்கும் பெனே இஸ்ரேல் யூதர்களின் தாய்மொழி மராத்தி. கொங்கணக் கடற்கரையில் செக்காட்டியவர்கள். சனிக்கிழமை செக்கு ஓட்டாததால் ‘ஷனிவார் தேலி’ என்று பெயர் பெற்றவர்கள். பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர, சில ஆயிரம் பேர் எஞ்சியிருக்கிறார்கள். அவர்களுக்கு யூத மதத்தைச் சொல்லிக்கொடுக்கவென்று நியூஜெர்சியிலிருந்து போகிறவள் முதல் மாதம் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். முதியவர்களின் வீட்டுக்குப் போய்வரவும், பிள்ளைகளின் நிகழ்ச்சிகளை நடத்தவும் கைகொடுத்தால் பயனுண்டு.

ருவாண்டாவில் இருக்கும் அகஹோசோ-ஷாலோம் கிராமம் வேறு மாதிரி. 1994 இனப்படுகொலைக்குப் பின் அநாதைகளான பிள்ளைகளுக்காக, தென்னாப்பிரிக்காவில் பிறந்த நியூயார்க் வழக்கறிஞர் ஆன் ஹேமன் எழுப்பி, 2008-ல் திறந்தது. முன்மாதிரி, யூத இன அழிப்பில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1953-ல் ஹைஃபாவுக்கு அருகே அமைந்த யெமின் ஓர்டே கிராமம். அங்கே வளர்ந்த எத்தியோப்பிய யூதர்கள் சிலரே ருவாண்டாவுக்கு வந்து தொடக்க வேலைகளில் தோள்கொடுத்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ருவாண்டாப் பெண் ஒருவர் ‘அம்மா’வாக இருப்பார். வெளிநாட்டிலிருந்து ஒரு வருடத்துக்கு வருகிறவர்களும் உண்டு. ஆனால் வீட்டின் பொறுப்பு அந்த அம்மாவிடம். இல்லிச்சுக்குப் பதில் சொல்லக்கூடிய ஏற்பாடு இது: வந்தவர் விமானம் ஏறிய மறுநாளும் வீடு வீடாகவே இருக்கும்.

இஸ்ரேல் என்றால் அவள் குழப்பிக்கொள்ளக்கூடாது. அங்கே ‘தேசிய சேவை’ என்பது பெரும்பாலும் ராணுவத்துக்குப் பதிலாக மதப்பற்றுள்ள உள்ளூர்ப் பெண்கள் பதினெட்டு வயதில் மருத்துவமனைகளிலும் பள்ளிகளிலும் செய்யும் பணி. வெளிநாட்டு யூத இளைஞர்களுக்கென்று அரசும் யூத ஏஜென்சி என்ற அமைப்பும் 2004-ல் சேர்ந்து உருவாக்கியது மாசா. அதன்கீழ் வரும் ஆசிரியர் திட்டத்தில் பத்து மாதம் பள்ளிப்பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கலாம். அரசுப் பணம் புழங்கும் திட்டம் என்பதை மறக்காமல், எந்த ஊர், எந்தப் பள்ளி, யாருடைய பிள்ளைகள் என்று முன்கூட்டியே கேட்டுவிடவேண்டும். 2023 அக்டோபரில் தொடங்கிய காசா போருக்குப் பிறகு இதில் பாதுகாப்பும் இருக்கிறது, அவளுடைய அரசியல் மனசாட்சியும் இருக்கிறது. அந்த முடிவில் நீயோ நானோ தலையிடுவதற்கில்லை.

இத்தனையையும் எடைபோட அவளுடைய மரபிலேயே ஓர் அளவுகோல் உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தானத்தை எட்டுப் படிகளாக வகுத்தார். அடிப்படியில் இருப்பவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு கொடுப்பவர். உச்சிப்படியில் இருப்பவர் கடனோ வேலையோ கூட்டுத்தொழிலோ கொடுத்து, ஒருவர் இனிமேல் யாரிடமும் கையேந்தாமல் செய்துவிடுபவர். எந்தத் திட்டம் எந்தப் படியில் நிற்கிறது என்று அவளே ஒரு தாளில் எழுதிப் பார்க்கட்டும்.

பணத்தைப் பற்றிக் கேட்க யூத அமைப்பாயிற்றே, சேவையாயிற்றே என்று கூச்சப்படவேண்டாம். கிடைப்பது சம்பளம் இல்லை, கைச்செலவுக்கான படி. வாடகை அதில் அடக்கமா, மருத்துவக் காப்பீடு உண்டா, கல்லூரிக் கடனின் தவணையை அந்த வருடம் தள்ளிப்போட முடியுமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டும். அப்பா வீட்டிலிருந்து மாதாமாதம் பணம் வந்தால்தான் தாக்குப்பிடிக்க முடியும் என்றால், அது வசதியானவர்களுக்கு மட்டுமான சேவை.

நேர்காணலில் அவள் கேட்க இவை போதும்: போன வருடம் இந்த நாற்காலியில் இருந்தவரின் ஒரு செவ்வாய்க்கிழமை எப்படிக் கழிந்தது? அவருடைய மேலதிகாரி இன்னும் அங்கே இருக்கிறாரா? நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? பாதியில் விலகியவர்கள் உண்டா, ஏன்? முடித்துப்போன இருவருடைய தொலைபேசி எண்ணைக் கேட்டு வாங்கி, அமைப்பின் ஆட்கள் இல்லாத இடத்தில் அவர்களிடம் தனியாகப் பேசவேண்டும். எண் தரத் தயங்குகிற இடத்தை அவள் பட்டியலின் அடியில் போடலாம்.

விண்ணப்பக் கடைசி நாள் அமைப்புக்கு அமைப்பு மாறும். வேலை கோடை முடிவில் தொடங்கினாலும் தேர்வு பல மாதம் முன்பே ஆரம்பித்துவிடும் என்பதால் பரீட்சை முடியட்டும் என்று அவள் காத்திருக்கவேண்டாம். பட்டியல் இரண்டாகச் சுருங்கியதும் எனக்கு எழுது.

அன்புடன்,
சித்தப்பா