செல்ஃப் எடுக்குது, ஸ்டார்ட் ஆகலையா? காயிலை மாற்றும் முன் சோதியுங்கள்

சேவுகம்பட்டி, பட்டிவீரன்பட்டி, வத்தலக்குண்டு பக்கத்துப் பட்டறைகளில் வேலை பழகும் இளைஞர்களுக்கான கட்டுரை இது. "செல்ஃப் நல்லா எடுக்குதுண்ணே, வண்டிதான் ஸ்டார்ட் ஆகல" என்று ஒரு பெட்ரோல் காரைக் கட்டி இழுத்து வருவார்கள். முதலில் பிளக், பிறகு காயில், கடைசியில் ஈ.சி.யூ. என்று வரிசையாக மாற்றிப் பார்த்தால் வந்தவரின் பணம்தான் கரையும். சோதிக்காமல் எதையும் மாற்றாத பழக்கமே ஹெல்ப்பரை மெக்கானிக் ஆக்குகிறது.

பொறி எப்படிப் பிறக்கிறது?

காயிலின் முதல் சுற்றில் ஓடும் 12 வோல்ட் மின்சாரம் சட்டென்று அறுபடும்போது, இரண்டாம் சுற்றில் பல்லாயிரம் வோல்ட் எழுந்து பிளக் இடைவெளியில் தாவுகிறது. அம்பாசடர், பத்மினி காலத்தில் அறுத்துவிடும் வேலையை சி.பி. பாயின்ட் செய்தது. இன்று கிராங்க் சென்சார் தரும் தகவலைப் பார்த்து ஈ.சி.யூ. செய்கிறது. ஆக, கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: காயிலுக்குக் கரண்ட் வருகிறதா? அறுத்துவிடும் சிக்னல் வருகிறதா? இரண்டும் வந்தும் காயில் வேலை செய்யவில்லையா?

பாதுகாப்பு முதலில்

கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். இன்ஜெக்டர் கனெக்டர்களைக் கழற்றிவிடுங்கள். பெட்ரோல் வாடை இருந்தால் அது போகும்வரை சோதனை வேண்டாம். பிளக் ஒயரைக் கையில் பிடித்து, எஞ்சினில் தட்டி பொறி பார்க்காதீர்கள். உங்களுக்கும் ஆபத்து, ஈ.சி.யூ.வுக்கும் ஆபத்து. ஸ்பார்க் டெஸ்டர் வாங்கிவிடுங்கள். பெரிய விலை இல்லை.

சோதனை வரிசை

1. எல்லா சிலிண்டரிலும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள். ஒன்றில் மட்டும் பொறி இல்லையென்றால் அந்த காயில், ஒயர் அல்லது அவற்றின் கனெக்டரில் கோளாறு. காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றுங்கள். கோளாறும் கூடவே இடம் மாறினால் காயில்தான் போயிருக்கிறது. எதிலுமே பொறி இல்லையென்றால் பொதுவான காரணத்தைத் தேடுங்கள்.

2. பேட்டரி, ஃபியூஸ், ரிலே, எர்த் ஒயர். முழு சார்ஜில் உள்ள பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே இறங்கினால் முதலில் பேட்டரியைக் கவனியுங்கள். மீட்டர் போர்டில் சாவிப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் இம்மொபிலைசர் வண்டியைப் பூட்டியிருக்கலாம். வேறு சாவியைப் போட்டுப் பாருங்கள்.

3. இக்னிஷன் ஆனில் காயில் கனெக்டருக்கு 12 வோல்ட் வருகிறதா? டெஸ்ட் லேம்ப் போட்டுப் பாருங்கள். அரித்துப்போன ஒயரிலும் மல்டிமீட்டர் 12 காட்டும்; லேம்ப்தான் மங்கி எரிந்து உண்மையைச் சொல்லும். செல்ஃப் அடிக்கும்போதும் பாருங்கள். சில இக்னிஷன் சுவிட்ச்கள் அந்த நேரத்தில் மட்டும் கரண்டை நிறுத்திவிடும். தோட்டத்திலும் களத்திலும் நிற்கும் வண்டி என்றால் எலி கடித்த ஒயரைத் தேடுங்கள்.

4. கரண்ட் வருகிறது, பொறி இல்லை என்றால் ஸ்கேனரை மாட்டி செல்ஃப் அடியுங்கள். எஞ்சின் சுற்றியும் ஆர்.பி.எம். பூஜ்யத்திலேயே நின்றால் கிராங்க் சென்சார், அதன் ஒயர், கனெக்டர் பக்கம் போங்கள். ஸ்கேனர் காட்டும் கோளாறுக் கோடுகளில் (code) பி0335 அந்தப் பக்கத்துக்குரியது. பி0351 முதல் பி0354 வரை காயில் சுற்றுக்குரியவை. கோடு வந்ததாலேயே பாகத்தை மாற்றாதீர்கள். எங்கே தேட வேண்டும் என்பதை மட்டுமே அது சொல்கிறது.

5. வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது நின்று, ஆறியதும் ஸ்டார்ட் ஆகும் கார் வந்தால் கிராங்க் சென்சாரைச் சந்தேகியுங்கள். சூட்டில் சிக்னலை இழக்கும் சென்சார் குளிர்ந்த பிறகு நல்லதாகவே காட்டும். வண்டி சூடாக, நின்ற நிலையில் இருக்கும்போதே சோதியுங்கள்.

6. பழைய கார்பரேட்டர் மாருதி 800, ஆம்னி வந்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்து செல்ஃப் அடியுங்கள். ரோட்டர் சுற்றவில்லையா? டைமிங் பெல்ட் அறுந்திருக்கலாம். சுற்றினால் மூடியில் விரிசல், கார்பன் கோடு, மழை ஈரம் பாருங்கள்.

7. காயில் கடைசியில். கரண்டும் சிக்னலும் வந்தும் பொறி இல்லையென்றால்தான் காயிலை மாற்ற வேண்டும். ஓம் அளவைச் சர்வீஸ் மேனுவலோடு ஒப்பிடுங்கள். இக்னைட்டர் உள்ளேயே உள்ள காயில்களை ஓம் மீட்டரால் முடிவு செய்ய முடியாது. நல்ல காயிலைப் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

தொழிலில் உயர

10-ஆம் வகுப்பு முடித்தவர்களுக்கு ஐ.டி.ஐ.யில் மோட்டார் வாகன மெக்கானிக் 2 ஆண்டுப் படிப்பு; அதன்பின் அப்ரன்டிஸ் பயிற்சிக்கும் போகலாம். பட்டறையில் பழகியே வளர்ந்தவர்கள் மல்டிமீட்டரையும் ஸ்கேனரையும் விடாமல் கற்றுக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 வந்த பிறகு அவை இல்லாமல் பிழைப்பு இல்லை.

ஒவ்வொரு வண்டியின் அறிகுறி, அளவு, கண்டுபிடித்த காரணம் மூன்றையும் நோட்டில் எழுதுங்கள். சோதனைக்கு எவ்வளவு கூலி என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு வண்டியைத் தொடுங்கள். கழற்றிய பாகத்தை உரிமையாளர் கையில் கொடுத்து, ஏன் மாற்றினீர்கள் என்று விளக்குங்கள். சின்ன ஊரில் போர்டைப் பார்த்து வரும் வாடிக்கையாளரைவிட, "அவர்கிட்ட போ, தேவையில்லாம எதையும் மாத்த மாட்டார்" என்று இன்னொருவர் அனுப்பி வருபவரே அதிகம். அந்தப் பெயரைச் சம்பாதியுங்கள்.