அமுதசுரபி கற்பிக்கும் தலைமை

சங்கத்தை நடத்தத் தகுந்தவர் யார்? அத்தகுதியை அவர் எங்கே கற்கிறார்? அங்கத்தினர் கல்வி வகுப்புகளில் இவ்வினாக்களைக் கேட்டால் பெரும்பாலும் இரண்டு விடைகள் வருகின்றன. படித்தவர் நடத்த வேண்டும் என்பார் சிலர். பேசத் தெரிந்தவர் நடத்த வேண்டும் என்பார் வேறு சிலர். படிப்பும் பேச்சும் வேண்டியவையே. ஆயினும் அவ்விரண்டும் நிறைந்திருந்தும் தளர்ந்துபோன சங்கங்கள் உண்டு. அவை குறைவாக இருந்தும் தழைத்த சங்கங்களும் உண்டு. ஆதலின் தலைமைக்கு அடிப்படையாவது வேறொன்றாக இருத்தல் வேண்டும். அது யாதென்பதை நம் காஞ்சி மாநகரோடு தொடர்புடைய ஒரு பழங்கதையைக் கொண்டு ஆராய்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

விடை கூற இயலாத வினா

2015 ஆம் ஆண்டின் இறுதியில் வடகிழக்குப் பருவமழை நம் மாவட்டத்தை வருத்தியதை அங்கத்தினர் எவரும் மறந்திரார். அப்பொழுது நான் கூட்டுறவுப் பயிற்சி மாணவன். பட்டு நெசவாளர் சங்கம் ஒன்றில் நேர்முகப் பயிற்சி பெற்றுவந்தேன். தெருவில் ஓடிய நீர் புகாத வீடுகளிலுங்கூட அடியிலிருந்து ஊற்றெடுத்துத் தறிக்குழிகள் நிறைந்தன. குழியில் நீர் நின்றால் மிதிகட்டையில் கால் வைக்க இயலாது. பாவில் ஈரம் ஏறினால் இழையோடு இழை ஒட்டிக்கொள்ளும். தறி நின்றது, அதனோடு கூலியும் நின்றது.

அச்சங்கத்தின் நிர்வாகக் குழுவில் முதியவர் ஒருவர் இருந்தார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் படித்தவரல்லர். கூட்டங்களில் அதிகம் பேசுபவரும் அல்லர். மழை சற்று விட்ட ஒரு காலையில் அவர் பள்ளிப் பிள்ளைகளின் நோட்டுப்புத்தகம் ஒன்றை என் கையில் கொடுத்து உடன் வருமாறு அழைத்தார். இரண்டு நாட்கள் வீடு வீடாகச் சென்றோம். எவ்வீட்டுத் தறியில் பாவு நனைந்தது, எவ்வீட்டில் அரிசி இல்லை, எங்கே கைக்குழந்தை உள்ளது, எவர் வட்டிக்கு வாங்கப் புறப்பட்டுவிட்டார் என்பனவற்றை அவர் கேட்டுக் கூற, நான் எழுதினேன். குழு கூடி அப்பட்டியலின்படி முன்பணம் வழங்கத் தீர்மானித்தது.

பட்டியலின் இறுதியில் ஓர் அம்மையாரின் பெயர் இருந்தது. கணவனை இழந்தவர், பல வீடுகளுக்குத் தார் சுற்றிக் கொடுத்துப் பிழைப்பவர், சங்கத்தில் அங்கத்தினர் அல்லர். ‘இவருக்கு விதிப்படி முன்பணம் வழங்க இயலாதே, ஐயா’ என்றேன். முதியவர் அதனை மறுக்கவில்லை. ‘சங்கத்துப் பணத்தைத் தொட வேண்டாம், தம்பி. ஆனால் அந்தப் பெயரை அடித்துவிடாதீர்கள்’ என்றார். அன்று மாலை குழுவினர் ஐவர் தத்தம் கைப்பணத்தைச் சேர்த்து அவ்வம்மையாரின் வீட்டுக்கு அரிசியும் பருப்பும் அனுப்பினர்.

திரும்பும் வழியில் முதியவர் என்னைக் கேட்டார்: ‘மணிமேகலை இந்த ஊருக்கு எதற்காக வந்தாள், தெரியுமா தம்பி?’ கல்லூரியில் அக்காப்பியத்தைப் பாடமாகப் படித்துத் தேறியவன் நான். அதில் முப்பது காதைகள் உள்ளன என்று சொல்லியிருப்பேன். அதனை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்று சொல்லியிருப்பேன். கேட்ட வினாவுக்கோ விடை வாயில் வரவில்லை. ‘பசித்தவர்களுக்குச் சோறு போட வந்தாள். அவள் வந்து நின்ற ஊரில் இருந்துகொண்டு நாம் ஒரு வீட்டை விட்டுவிடலாமா?’ என்று அவரே கூறி முடித்தார்.

நான் மதிப்பெண்ணுக்காகப் படித்த கதை அவருக்கு நடக்கும் வழியாக இருந்தது. அன்றிரவு மணிமேகலையை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

கதை கூறுவது

டாக்டர் உ. வே. சாமிநாதையர் பழஞ்சுவடிகளை ஆராய்ந்து 1898 ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டதனால் நமக்குக் கிடைத்தது அக்காப்பியம். அதில் வரும் அமுதசுரபி என்னும் பாத்திரத்தை முதலில் ஏந்தியவன் ஆபுத்திரன். பெற்ற தாயால் கைவிடப்பட்டவன். வேள்விக்குக் கட்டப்பட்ட பசுவை விடுவித்ததற்காக ஊராரால் விரட்டப்பட்டவன். அவன் மதுரையில் வீடுதோறும் இரந்து, குருடர், செவிடர், முடவர், ஆதரவற்றோர் ஆகியோரை அழைத்து உண்பித்து, எஞ்சியதைத் தான் உண்டு, இரந்த ஓட்டையே தலையணையாகக் கொண்டு உறங்கினான். ஒரு மழைநாள் நள்ளிரவில் பசித்தோர் சிலர் வந்து எழுப்ப, கொடுக்க ஒன்றுமின்றி அவன் வருந்தியபோதுதான் சிந்தாதேவி அமுதசுரபியை அவனுக்கு அளித்தாள்.

பின்னர் பாண்டிய நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியது. அவனிடம் உணவு கேட்பார் எவருமிலர். சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்வியுற்றுக் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத் தீவில் இறங்கியவனை விட்டுவிட்டுக் கப்பல் சென்றுவிட்டது. ஊரை உண்பிக்கும் பாத்திரத்தைத் தன் ஒரு வயிற்றுக்காக வைத்திருக்க அவன் மனம் இசையவில்லை. தகுந்தவர் கையை அடைக என்று அதனைக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர்நீத்தான்.

அப்பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. அதைப் பெற்றதும் அவள் தெருவில் இறங்கிவிடவில்லை. முதலில் அறவண அடிகளிடம் சென்றாள், அவர் ஆபுத்திரன் வரலாற்றை முழுவதும் கூறினார், அவள் கேட்டாள். அதன் பின்னரே பிச்சைக்குப் புறப்பட்டாள். பாத்திரத்தில் முதல் உணவை ஆதிரை இட, தீராப் பசிநோயால் வருந்திய காயசண்டிகையின் துயரை அவ்வுணவு தீர்த்தது. பின்னர்ப் புகாரின் சிறைக்கோட்டத்தையே அறக்கோட்டமாக மாற்றுமாறு அரசனை வேண்டி, அவ்வாறே செய்வித்தாள்.

வஞ்சி நகரில் இருந்தபோது, காஞ்சியில் மழை பொய்த்து மக்கள் பசியால் வாடுகின்றனர் என்ற செய்தியை அவளுக்குக் கோவலனின் தந்தை மாசாத்துவான் கூறினார். உடனே காஞ்சிக்கு வந்தாள். இளங்கிள்ளி என்னும் அரசன் சோலையும் பொய்கையும் அமைத்துக் கொடுக்க, அவ்விடத்தில் பாத்திரத்தை வைத்தாள். பதினெட்டு மொழி பேசும் மக்களும் வந்து உண்டனர். விலங்குகளும் பசி நீங்கின. அதன் பின் அவள் மீண்டும் அறவண அடிகளின் முன் மாணவியாக அமர்ந்து அறம் கேட்டாள். ஒரு நகரத்தின் பசியைத் தீர்த்தவள், இனி எனக்குக் கற்க ஒன்றுமில்லை என்று எண்ணவில்லை.

கதையிலிருந்து பெறுவன

இக்கதையில் தலைமைக்குரிய மூன்று பாடங்கள் உள்ளன.

முதலாவது, பொதுப்பொருளை ஏற்பதற்குமுன் அதன் வரலாற்றைக் கேட்டறிதல். சங்கத்தின் பங்குத்தொகை எவர் எவர் எவ்வாறு சேர்த்தது, முன்னோர் எந்த நெருக்கடியில் சங்கத்தைக் காத்தனர் என்பதை அறியாதவர் அதன் சாவியை வாங்கினால், அது அவர் கையில் வெறும் சாவியாகவே இருக்கும்.

இரண்டாவது, தேவையுள்ள இடத்தைத் தேடிச் செல்லுதல். ஆபுத்திரன் கப்பலேறினான், மணிமேகலை வஞ்சியிலிருந்து காஞ்சிக்கு வந்தாள். அலுவலகத்தில் அமர்ந்து, ‘குறையிருந்தால் எழுதிக் கொடுங்கள்’ என்று கூறும் நிர்வாகி, எழுதத் தெரியாதவரின் குறையை என்றும் அறியமாட்டார்.

மூன்றாவது, பொதுப்பொருளைத் தனக்கெனக் கொள்ளாமை. தனித்தீவில், பார்ப்பார் எவருமில்லாத இடத்தில் ஆபுத்திரன் அதனைக் கடைப்பிடித்தான். தணிக்கை வரும் என்ற அச்சம் அவனுக்கு இல்லை என்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும்.

சுரபிக்கும் சங்கத்துக்கும் வேறுபாடு

இனி ஓர் ஐயம் எழும். அமுதசுரபி எடுக்க எடுக்கக் குறையாதது. நம் சங்கத்தின் பெட்டியோ எடுத்தால் குறைவது. ஆதலின் இக்கதை நமக்கு எவ்வாறு பொருந்தும்? இவ்வையத்துக்கு விடையைக் கூட்டுறவின் வரலாறே தருகிறது.

ஜெர்மனி நாட்டில் வேயர்புஷ் என்னும் சிற்றூர்ப் பகுதியின் தலைவராக இருந்தவர் பிரடெரிக் வில்ஹெல்ம் ரெய்பீசன். 1846-47 ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் அங்கே பஞ்சம் நேர்ந்தபோது, வசதியுள்ளோரிடம் பணம் திரட்டி, மாவு வாங்கி, ரொட்டி சுட்டு, ஏழைகள் பின்னர் விலை கொடுக்கும் வகையில் வழங்கினார். பசி தீர்ந்தது. ஆயினும் கொடுப்பவர் ஒரு புறமும் பெறுபவர் மறு புறமுமாக நிற்கும் ஏற்பாடு நெடுநாள் நிலைக்காது என்பதை அவர் அனுபவத்தால் கண்டார். 1864 ஆம் ஆண்டில் ஹெட்டெஸ்டார்ப் என்னும் ஊரில் அவர் அமைத்த கடன் சங்கத்தில், கடன் பெறுவோரே அங்கத்தினராகவும் பொறுப்பாளராகவும் ஆயினர். பாத்திரத்தை நிரப்புபவரும் அதிலிருந்து பெறுபவரும் ஒருவரே என்ற நிலை அங்கே உருவாயிற்று.

சென்னை மாகாணமோ 1876 முதல் 1878 வரை கொடும் பஞ்சத்தைக் கண்டது. பின்னர் உழவர் கடனைத் தீர்க்கும் வழியை ஆராய அமர்த்தப்பட்ட பிரடெரிக் நிக்கல்சன் 1895, 1897 ஆம் ஆண்டுகளில் அறிக்கைகள் அளித்தார். ரெய்பீசனைப் போன்ற மனிதர்களைக் கண்டெடுத்தல் வேண்டும் என்பதே அவர் முடிவின் சாரம். சட்டத்தினும் முதலாக மனிதரை அவர் தேடியது கவனிக்கத்தக்கது. 1904 ஆம் ஆண்டில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அவ்வாண்டிலேயே திரூரில் வேளாண்மைக் கடன் சங்கம் பதிவாயிற்று. அக்டோபர் மாதத்தில் நம் காஞ்சிபுரத்தில் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவாயிற்று. இந்தியாவில் அச்சட்டத்தின்கீழ் முதன்முதலாகப் பதிவான நகரக் கடன் சங்கம் அதுவேயாகும்.

எனவே நம் சங்கமும் ஒரு சுரபியே. நாமே நிரப்ப வேண்டிய சுரபி. ஏரியில் நீர் குறைந்து உழவர் வீட்டில் நெல் குறைந்தால், அவ்வாண்டு திருமணப் புடவைக்கு வருபவரும் குறைவர். உழவரும் நெசவாளரும் ஒருவர் நலத்தில் மற்றவர் கருத்துடையராக இருப்பது இருவர்க்கும் வாழ்வுக்கு வழியாகும். 1995 ஆம் ஆண்டில் சர்வதேசக் கூட்டுறவு இணையம் வகுத்த ஏழு கொள்கைகளில், கல்வி ஐந்தாவதாகவும் சமுதாய நலனில் அக்கறை ஏழாவதாகவும் அமைந்திருப்பதன் பொருள் இதுவே.

கருணையும் கணக்கும்

நாமே நிரப்பும் பாத்திரமாதலின் அதற்குக் கணக்கு வேண்டும். நம் அருகிலுள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட கல்வெட்டுகள், ஏரி வாரியம் முதலிய வாரியங்களுக்குக் குடவோலை வாயிலாக ஆட்களைத் தேர்ந்த முறையைக் கூறுகின்றன. முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் தேர்வுக்குத் தகுதியற்றவர் என்பது அவ்விதிகளில் ஒன்று. அவ்வமைப்பில் நிலமும் வேதப் பயிற்சியும் உடையோர்க்கே இடமிருந்தது. நம் சங்கங்களின் திறந்த வாயில் அங்கே இல்லை. எனினும் கணக்கைப் பற்றிய அவ்விதி இன்றும் நம் சுவரில் எழுதத்தக்கது.

மேற்கூறிய முதியவரிடமே இதற்கும் ஒரு சான்று கண்டேன். மழைக்குப் பின் கூடிய கூட்டத்தில் அவர் எழுந்து, ‘ஒரே பெயருடைய இருவரில் ஒருவருக்கு இரண்டு முறை முன்பணம் போய்விட்டது, மற்றவருக்கு நான்கு நாள் தாமதமாயிற்று. பட்டியலைச் சரிபார்க்க வேண்டியவன் நான். பிழை என்னுடையது’ என்றார். பட்டியலை எழுதிய கை என்னுடையது. ஆயினும் என் பெயரை அவர் எடுக்கவில்லை. கூடுதலாகப் பெற்றவர் மறுவாரமே பணத்தைத் திருப்பிச் செலுத்தினார். அதன் பின் அவர் கொணர்ந்த எந்தப் பட்டியலையும் அங்கத்தினர் ஐயுறக் கண்டதில்லை. இன்று பிற சங்கங்களின் பேரேடுகளை நான் ஆய்வு செய்யும்போதெல்லாம் அக்கூட்டம் நினைவுக்கு வருகிறது.

நாம் செய்யத்தக்கவை

இளைஞர் சங்கத்துக்கு வருவதில்லை என்ற குறை எங்கும் கேட்கப்படுகிறது. அவர்களுக்கு நாம் துணைவிதிகளைக் கொடுக்கிறோம், கதையைக் கொடுப்பதில்லை. பேரவைக் கூட்டத்தின் தொடக்கத்தில் கால்மணி நேரம், மூத்த அங்கத்தினர் ஒருவர் சங்கம் பிறந்த வரலாற்றைக் கூறட்டும். அதனை ஓர் இளைஞர் எழுதி வைக்கட்டும்.

அடுத்து, கேட்டதோடு நில்லாமல் செய்வதற்கும் இடந்தர வேண்டும். கோர்வைப் புடவை நெய்யும்போது, உடலுக்கு ஒருவர் நாடா எறிய, மறுபக்கக் கரைக்கு இளையவர் ஒருவர் நாடா எறிந்து பழகியே பலர் நெசவாளர் ஆயினர். நிர்வாகமும் அவ்வாறே பழகத்தக்கது. ஒரு தெருவின் வீட்டுக் கணக்கெடுப்பையோ, ஓர் உதவிப் பட்டியலையோ இளைஞரிடம் ஒப்படைத்து, மூத்தவர் உடன் நடக்க வேண்டும். நிகர லாபத்திலிருந்து கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்துவதோடு கல்விக் கடமை முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. நம் தெருவிலேயே நடக்கும் இக்கல்விக்குப் பணம் அதிகம் வேண்டியதில்லை. மூத்தோரின் பொழுதே வேண்டும்.

கேட்ட கதை நெஞ்சில் இருத்தல். அது காட்டிய வழியில் கால் நடத்தல். நடந்ததற்குக் கை கணக்கெழுதுதல். இம்மூன்றும் ஒருவரிடம் கூடும்போது அவரைத் தலைவர் என்று அங்கத்தினர் தாமே அறிந்துகொள்வர்.

குழு ஆய்வுக்குரிய வினாக்கள்

1. உங்கள் சங்கம் தொடங்கிய வரலாற்றைக் கூறவல்ல மூத்த அங்கத்தினர் எத்தனை பேர் உள்ளனர்? அவ்வரலாறு எழுதி வைக்கப்பட்டுள்ளதா?

2. சென்ற மழைக்காலத்தில் எத்தனை அங்கத்தினரின் தறிகள் நின்றன, எத்தனை பேரின் பயிர் அழிந்தது என்பதை உங்கள் நிர்வாகக் குழு அறியுமா? எவ்வாறு அறிந்தது?

3. அங்கத்தினர் அல்லாத ஏழைத் தொழிலாளிக்கு, சங்க விதியை மீறாமல் எவ்வாறு உதவலாம்?

4. முப்பது வயதுக்கு உட்பட்ட ஓர் அங்கத்தினரிடம் இவ்வாண்டு எந்தப் பொறுப்பை ஒப்படைப்பீர்கள்? அவருடன் நடப்பவர் யார்?