விளக்கீடு முதல் தைப்பொங்கல் வரை: வெஸ்ட் ஈலிங் பிள்ளைகளுக்கான வீட்டு அறிவியல்

வெஸ்ட் ஈலிங்கில் வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் குளிர்காலம் என்பது கார்த்திகை விளக்கீட்டில் தொடங்கி, நத்தார் விடுமுறையைக் கடந்து, தைப்பொங்கலில் நிறைவுறும் பண்டிகைக் காலமாகும். சப்பல் வீதியிலுள்ள ஸ்ரீ கனகதுர்க்கை அம்மன் ஆலயத்திலும் அதைச் சுற்றியுள்ள வீடுகளிலும் இக்காலத்தில் ஏற்றப்படும் விளக்கும், குழைக்கப்படும் மஞ்சளும், பொங்கும் பாலும், வணங்கப்படும் ஞாயிறும் அறிவியலின் அடிப்படைகளைக் கற்பிக்கப் போதுமானவை. கடைகளில் விற்கப்படும் விலையுயர்ந்த அறிவியல் பெட்டிகளை விட இவை மேலானவை என்றே கூற வேண்டும். ஏனெனில் பெட்டியில் விடை முன்னரே அச்சாகியிருக்கிறது, விளக்கிலோ பிள்ளை தானே கேள்வி எழுப்பி விடை தேட வேண்டியிருக்கிறது.

இதற்கு லண்டனிலேயே முன்மாதிரி உண்டு. அல்பெமார்ல் வீதியிலுள்ள ரோயல் இன்ஸ்டிடியூஷன் 1825இல் இளையோருக்கான நத்தார் விரிவுரைகளைத் தொடங்கியது. கொல்லரின் மகனாகப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகிய மைக்கேல் பரடே 1827க்கும் 1860க்கும் இடையில் அவ்விரிவுரைகளைப் பத்தொன்பது முறை நிகழ்த்தினார். அவற்றுள் மிகவும் புகழ்பெற்றது ஒரே ஒரு மெழுகுதிரியைப் பொருளாகக் கொண்டது. கீழே தரப்படும் விளக்குச் சோதனைகளுள் சில அவர் அம்மேடையில் செய்து காட்டியவற்றின் வழிவந்தவை.

எல்லாச் சோதனைகளுக்கும் பொதுவான விதிகள் மூன்று. சோதனைக்கு முன் என்ன நிகழும் என்ற ஊகத்தைப் பிள்ளை குறிப்பேட்டில் எழுத வேண்டும். ஒரு முறைக்கு ஒரு காரணியை மட்டுமே மாற்ற வேண்டும். எதையும் மாற்றாத ஒரு மாதிரியை, அதாவது கட்டுப்பாட்டு மாதிரியை, ஒப்பிடுவதற்காகப் பக்கத்தில் வைத்திருக்க வேண்டும்.

விளக்கு

விளக்கில் எரிவது திரி என்றே பிள்ளைகள் பெரும்பாலும் எண்ணுவர். ஆகவே நெருப்பில்லாத சோதனையிலிருந்து தொடங்குவது நல்லது. நிறமூட்டிய நீர் நிரம்பிய ஒரு குவளையையும் வெறுங்குவளை மூன்றையும் அடுத்தடுத்து வைத்து, நீரிலிருந்து முதல் வெறுங்குவளைக்கு மருந்துப் பஞ்சில் திரித்த திரியையும், இரண்டாவதற்குச் சமையலறைக் கடதாசிச் சுருளையும், மூன்றாவதற்குப் பொலித்தீன் கீற்றையும் பாலமாக இட்டு, ஒவ்வொரு குவளையிலும் சேரும் நீரை ஒரு மணி நேரத்தின் பின் அளக்க வேண்டும். பஞ்சிலும் கடதாசியிலும் உள்ள நுண்ணிய இடைவெளிகளினூடாக நீர் தானே மேலேறும். நுண்புழை ஏற்றம் எனப்படும் இந்நிகழ்வே விளக்கின் அடியிலுள்ள எண்ணெயைச் சுடருக்குக் கொண்டு செல்கிறது.

அடுத்து, பெரியவர் ஒருவர் அருகிருக்க, சிட்டி விளக்கையும் மெழுகுதிரியையும் உலோகத் தட்டின் மீது ஏற்ற வேண்டும். பட்டுப் பாவாடையும் நைலோன் சால்வையும் தவிர்க்கப்பட வேண்டும், தலைமுடி பின்னிக் கட்டப்பட வேண்டும். எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றாமல் தட்டினால் மூடி அணைக்க வேண்டும் என்பதைப் பிள்ளைக்கு முன்னரே சொல்லிவிட வேண்டும். புகை அலாரத்தின் நேர் கீழே விளக்கை வைக்காதிருப்பதும் நல்லது. சுடரின் மஞ்சள் பகுதியில் எஃகுக் கரண்டியின் புறத்தை இரண்டு விநாடி பிடித்தால் கரும்படலம் படியும். கண்மை தயாரிக்க நம் வீடுகளில் சேர்க்கப்பட்ட அதே கரி இதுவாகும். இக்கரித் துகள்கள் வெப்பத்தில் ஒளிர்வதனாலேயே சுடர் மஞ்சளாகத் தெரிகிறது. பின்னர் உலர்ந்த கண்ணாடிச் சாடி ஒன்றைச் சுடருக்கு மேலே கவிழ்த்துப் பிடித்தால், சில விநாடிகளில் அதன் உட்புறம் மங்கும். அந்த மங்கல் நீர்த்துளிகளாலானது: எரியும் எண்ணெயிலுள்ள ஐதரசன் காற்றிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து நீராகிறது. நெருப்பிலிருந்து நீர் பிறப்பதைக் கண்ணால் காணும் பிள்ளை அதை எளிதில் மறப்பதில்லை.

மெழுகுதிரியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்ணிறப் புகை இழைக்கு, திரியைத் தொடாமல், எரியும் தீக்குச்சியை நீட்டினால், சுடர் அவ்விழை வழியே தாவி இறங்கித் திரியை மீண்டும் பற்ற வைக்கும். அவ்விழை உருகி ஆவியான மெழுகாகும். எரிவது திண்மமோ திரவமோ அன்றி ஆவியே என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றில்லை. காற்றோட்டம் இருந்தால் இழை கலைந்துவிடும் என்பதால் சன்னலை மூடிவிட்டுச் செய்ய வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். நீருள்ள தட்டில் மெழுகுதிரியை நிறுத்திக் குவளையால் மூடினால் நீர் உள்ளே ஏறுவதைக் காட்டி, காற்றில் ஐந்திலொரு பங்கான ஒட்சிசன் தீர்ந்ததே காரணம் எனப் பல நூல்கள் கூறுகின்றன. அவ்விளக்கம் தவறானது. சூடேறி விரிந்த காற்று சுடர் அணைந்தபின் குளிர்ந்து சுருங்குவதே நீர் ஏறுவதற்கான முதன்மைக் காரணமாகும். ஒன்றுக்குப் பதில் மூன்று மெழுகுதிரிகளை வைத்தால் நீர் மேலும் உயர ஏறுவதைக் கண்டு பிள்ளையே இதைக் கண்டறியலாம்.

மஞ்சள் வாழ்த்து அட்டை

மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த ஆலாத்தி நீர் சிவப்பதற்கும், மஞ்சளிலிருந்து குங்குமம் செய்யப்படுவதற்கும் காரணம் ஒன்றே. மஞ்சளின் நிறப்பொருளான குர்குமின் அமிலத்தில் மஞ்சளாகவும், அமிலத்தின் எதிர்த் தன்மையுடைய காரத்தில் செம்பழுப்பாகவும் தோன்றும். இவ்வாறு நிறம் மாறி ஒரு கரைசலின் தன்மையை உணர்த்தும் பொருள் காட்டி எனப்படும். குர்குமின் நீரில் அரிதாகவே கரையும் என்பதால், ஒரு தேக்கரண்டி மஞ்சள் தூளை, மருந்தகத்தில் விற்கப்படும் 50 மில்லிலீற்றர் ஸ்பிரிட்டில் பெரியவர் கலக்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றுமாதலால் இச்சோதனையை விளக்குச் சோதனை நடக்கும் நாளில் செய்யவே கூடாது. தடித்த வெள்ளைக் கடதாசியை அதில் தோய்த்துத் திறந்த சன்னலருகே நன்கு உலரவிட்டு, நீரில் கரைத்த அப்பச்சோடாவில் பஞ்சுக்குச்சியைத் தோய்த்து வரைந்தால் நத்தார் மரமோ பொங்கற்பானையோ செம்பழுப்பில் தோன்றும். தேசிக்காய்ச் சாறு அதை மீண்டும் மஞ்சளாக்கும். குழாய்நீர், சவர்க்கார நீர், வினாகிரி, தேநீர் என வீட்டிலுள்ள பிற திரவங்களையும் ஊகத்துடன் சோதிக்கலாம்.

கேத்தலின் வெண்படலம்

லண்டன் குழாய்நீர் கடினமானது. சுண்ணப்பாறையைக் கடந்து வரும் அந்நீர் கரைத்துக் கொண்டுவரும் கல்சியம் சேர்மங்கள் கொதிக்கும்போது பிரிந்து கேத்தலின் அடியில் வெண்படலமாகப் படிகின்றன. அப்படலத்தின் செதிள் ஒன்றை வினாகிரியில் இட்டால் குமிழ்கள் எழும், அக்குமிழ்களிலுள்ளது காபனீரொட்சைட்டு வாயுவாகும். அதே வாயுவை ஒரு கூசாவில் அப்பச்சோடாவையும் வினாகிரியையும் சேர்த்துப் பெருமளவில் உண்டாக்கி, திரவம் சிந்தாமல் எரியும் மெழுகுதிரியின் மேல் மெல்லச் சரித்தால், காற்றை விடக் கனமான வாயு கண்ணுக்குத் தெரியாமல் வழிந்து சுடரை அணைக்கும். சுண்ணப்பாறை பழங்காலக் கடல்வாழ் நுண்ணுயிர்களின் ஓடுகளாலானது என்பதை, 1825இல் இதே ஈலிங்கில் பிறந்த தோமஸ் ஹென்றி ஹக்ஸ்லி, 1868இல் நொரிச் நகரத் தொழிலாளருக்கு ஒரு சுண்ணத் துண்டை மட்டும் வைத்து விளக்கினார். கேத்தலைச் சுத்தம் செய்யும் சலிப்பான வேலைக்கு இவ்வளவு நீண்ட வரலாறு உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

பால் ஏன் பொங்குகிறது

இச்சோதனையில் அடுப்பைக் கையாள்பவர் பெரியவராகவும், அளப்பவர் பிள்ளையாகவும் இருக்க வேண்டும். ஒரே அளவுப் பாத்திரத்தில் 200 மில்லிலீற்றர் நீர், கொழுப்பு நீக்கிய பால், முழுப்பால் ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சூட்டில் காய்ச்சி, நுரை எழும் உயரத்தைப் பாத்திரத்தின் வெளியே நிறுத்திய அடிமட்டத்தால் குறிக்க வேண்டும். நீர் கொதித்தாலும் பொங்காது, ஏனெனில் அதன் குமிழ்கள் மேற்பரப்பை அடைந்ததும் உடைகின்றன. பாலிலுள்ள புரதங்கள் குமிழைச் சுற்றிப் படலமாகப் படிந்து அதை உடையாமல் தாங்குவதால், குமிழின் மேல் குமிழ் ஏறி நுரை உயர்கிறது. கொழுப்பு நீக்கிய பாலும் பொங்குவதைக் காணும் பிள்ளை, கொழுப்பு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்ற முடிவுக்குத் தானே வரும். அகன்ற சட்டியிலும் குறுகிய கழுத்துடைய பானையிலும் அதே பாலைக் காய்ச்சி ஒப்பிட்டால், பொங்கற்பானையின் வடிவம் பொங்கலை எவ்வாறு விரைவுபடுத்துகிறது என்பதும் விளங்கும்.

ஞாயிற்றின் நிழல்

ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்பத் தொடங்கும் டிசம்பர் 21 அல்லது 22ஆம் நாள் லண்டனில் நண்பகல் ஞாயிறு அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 15 பாகை உயரமே ஏறும். அவ்வளவு தாழ்ந்த வெயிலை எதிர்வீட்டுக் கூரையே மறைத்துவிடும் என்பதால், டீன் கார்டன்ஸ் அல்லது லம்மாஸ் பூங்கா போன்ற திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும். 30 சென்டிமீற்றர்க் கோலைத் தூக்குக்குண்டின் உதவியால் செங்குத்தாக நிறுத்தி, நண்பகலுக்கு முன்னும் பின்னுமாக ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை நிழல் நுனியைக் குறித்து, அவற்றுள் மிகக் குறுகிய நிழலை அளக்க வேண்டும். அது ஏறத்தாழ 111 சென்டிமீற்றராக இருக்கும். தைப்பொங்கலன்று மீண்டும் அளந்தால் ஏறத்தாழ 96 சென்டிமீற்றராகக் குறைந்திருக்கும். அன்று மிகக் குறுகிய நிழல் 12 மணி 10 நிமிட அளவில் விழும்.

ஞாயிறு வடக்கு நோக்கித் திரும்புவதன் கொண்டாட்டமாகத் தைப்பொங்கல் கருதப்பட்டாலும், நிழல் மூன்று வாரங்களுக்கு முன்னரே குறையத் தொடங்கிவிட்டதைப் பிள்ளை கவனிக்கும். நம் பஞ்சாங்கம் விண்மீன்களை அடிப்படையாகக் கொண்டது. பூமியின் அச்சு மிக மெதுவாகச் சுழன்று திசை மாறுவதால், ஞாயிறு திரும்பும் நாளுக்கும் தை முதல் நாளுக்கும் இடையிலான தொலைவு ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் கூடிவருகிறது.

அதே தைப்பொங்கலன்று யாழ்ப்பாணத்திலுள்ள உறவினர் ஒருவர் அதே உயரக் கோலை நட்டு, அங்கு 12 மணி 20 நிமிட அளவில் அளந்தால், நிழல் ஏறத்தாழ 18 சென்டிமீற்றராகவே இருக்கும். இரு அளவுகளையும் கட்டக் கடதாசியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுத்திட்டத்தில் வரைந்து, கோலின் உச்சியில் அமையும் கோணங்களைப் பாகைமானியால் அளந்தால், அவற்றின் வேறுபாடு 42 பாகையை ஒட்டியிருக்கும். இரு ஊர்களுக்கும் இடையிலான வடக்குத் தெற்குத் தொலைவை, அதாவது சுமார் 4,640 கிலோமீற்றரை, வரைபடத்தின் அளவுத்திட்டத்திலிருந்து கண்டறிந்து 360ஆல் பெருக்கி அக்கோணத்தால் வகுத்தால் பூமியின் சுற்றளவு கிடைக்கும். அலெக்சாந்திரியாவில் எரட்டொஸ்தனிஸ் கையாண்ட முறை இதுவே. முகில் மறைத்தால் அடுத்த நாள் அளக்கலாம், ஓரிரு நாளில் கணக்கு பெரிதாகப் பிழைக்காது. பிள்ளை தன் கணக்கை முடிக்கும் வரை, விடை 40,000 கிலோமீற்றரை நெருங்கும் என்பதைப் பெற்றோர் தயவுசெய்து சொல்லாதிருக்க வேண்டும்.