சென்சார் காட்டும் பூஜ்யம்

அன்புள்ள கயல்விழிக்கு,

உன் கடிதத்தில் ஒரு வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. “சார், நொதி சென்சார் பூஜ்யம் காட்டினால் அந்தத் தண்ணீரில் பூச்சிமருந்து இல்லை என்று எழுதிவிடலாம்தானே?” எழுதக் கூடாது.

ஏன் என்று சொல்வதற்கு முன் என் எரிச்சலைக் கொஞ்சம் தீர்த்துக்கொள்கிறேன். பேனா போன்ற ஒரு கருவியைக் காய்கறி கழுவிய தண்ணீரில் முக்கி, ‘பாருங்கள், விஷம்!’ என்று காட்டும் வீடியோவை எனக்கும் யாரோ அனுப்பினார்கள். அது வெறும் டி.டி.எஸ். மீட்டர். கரைந்த உப்புகளால் தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்பதைத்தான் அளக்கும். போர் தண்ணீரில் லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் உப்பு சர்வசாதாரணம். குடிநீரில் ஒரு பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் பொதுவாக வைத்திருக்கும் வரம்போ லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். இடையே பத்து லட்சம் மடங்குக்கும் மேல் வித்தியாசம். அந்தப் பேனாவை வைத்துக்கொண்டு இதைத் தேடுகிறார்களாம்!

உன் கருவி அந்த ரகம் இல்லைதான். அசிட்டைல்தயோகோலினைக் கோலினெஸ்டெரேஸ் நொதி உடைக்கிறது, தயோகோலின் மின்முனையில் மின்னோட்டம் தருகிறது, நொதி முடங்கினால் மின்னோட்டம் குறைகிறது. இதெல்லாம் உனக்குப் பாடம். ஆனால் யோசித்துப் பார்: உன் கருவி மருந்தைப் பார்ப்பதே இல்லை. நொதிக்குப் பட்ட அடியைத்தான் பார்க்கிறது. அந்த நொதியை அடிக்காத விஷம் அதன் கணக்கில் வராது.

2013 ஜூலையில் பிஹாரின் சாரண் மாவட்டத்தில் பள்ளி மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். அதில் பாஸ்பரஸோடு இரட்டைப் பிணைப்பில் இருப்பது ஆக்சிஜன். நேராகப் போய் நொதியின் செரினைப் பிடித்துக்கொள்ளும். இதை உன் சென்சார் காட்டிக்கொடுத்துவிடும்.

1958-ல் கேரளத்தில் நடந்தது வேறு. பாரத்தியான் கலந்த கோதுமை மாவைச் சாப்பிட்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1968-ல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்ததற்கு அந்தச் சாவுகள்தான் தொடக்கம். பாரத்தியானில் அந்த ஆக்சிஜனின் இடத்தில் கந்தகம் உட்கார்ந்திருக்கும். சுத்தமான பாரத்தியானைச் சோதனைக்குழாயில் நொதியோடு விட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. மனிதன் விழுங்கினால் கல்லீரல் கந்தகத்தைக் கழற்றி ஆக்சிஜனை மாட்டிவிடும். அதுதான் பாராக்சான், ஆளைக் கொல்வது அதுதான். உன் மின்முனைக்குக் கல்லீரல் கிடையாது, கயல்! அந்த மாவைக் கரைத்து நீ அளந்திருந்தால் உள்ளதைவிட வெகுவாகக் குறைத்துத்தான் காட்டியிருக்கும். மாலத்தியான், குளோர்பைரிபாஸ் எல்லாம் இதே வகையறா. அதனால்தான் மாதிரியை முதலில் புரோமின் நீர் கொண்டு ஆக்சிஜனேற்றம் செய்து, மிஞ்சிய புரோமினை அழித்த பிறகே நொதியிடம் விடுவார்கள். உன் செய்முறைக் குறிப்பை இரண்டு முறை புரட்டினேன், அந்தப் படியே காணோம்.

காசரகோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பானுக்கு இந்த வைத்தியமும் பலிக்காது. 2011-ல் உச்ச நீதிமன்றம் தடை செய்த அந்த மருந்து நரம்பில் குளோரைடு வாயிலை அடைக்கும் சாதி. உன் நொதியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. இமிடாகுளோபிரிட்டும் அப்படித்தான், அதன் குறி ஏற்பி.

இந்த நொதியைப் பற்றிப் பேச்செடுத்தால் கலபார் கொட்டை எனக்கு நினைவுக்கு வந்துவிடும். மருந்தியல் வரலாறு படிப்பது என் பழைய பித்து, பொறுத்துக்கொள். இன்றைய நைஜீரியாவில் இருக்கும் கலபார் பகுதியில், குற்றம் சாட்டப்பட்டவருக்கு அதைத் தின்னக் கொடுத்துத் தீர்ப்புச் சொல்வார்கள். 1855-ல் எடின்பரோ பேராசிரியர் ராபர்ட் கிறிஸ்டிசன் தானே அதைத் தின்று பார்த்தார். உடம்பு தளரத் தொடங்கியதும், சவரம் செய்த தண்ணீரை எடுத்துக் குடித்து வாந்தியெடுத்துத் தப்பித்தார்! அந்தக் கொட்டையில் உள்ள பைசோஸ்டிக்மின்தான் பிற்காலக் கார்பமேட் பூச்சிமருந்துகளுக்கு முன்மாதிரி. கார்பமேட் நொதியைப் பிடித்தாலும் சற்று நேரத்தில் தானே விட்டுவிடும், கரிம பாஸ்பேட்டின் பிடி லேசில் விடாது. மின்முனையைக் கழுவித் தாங்கல் கரைசலில் போட்டுவைத்து மறுபடி அளந்து பார். மின்னோட்டம் மீண்டு வந்தால் கார்பமேட்டைச் சந்தேகி.

இன்னொன்று. நெல்லிக்காய்ச் சாற்றை அளந்தேன், நன்றாக வந்தது என்று எழுதியிருக்கிறாய். வரத்தான் செய்யும்! வைட்டமின் சி வெறும் கார்பனில் 0.7 வோல்ட்டில் தாராளமாக மின்னோட்டம் தரும், நொதி செத்துக்கிடந்தாலும். கோபால்ட் தாலோசயனின் சேர்த்து மின்னழுத்தத்தை 0.1 வோல்ட் பக்கம் இறக்கினால் தொல்லை குறையும், ஒழியாது. நொதி இல்லாத மின்முனையிலும் அதே சாற்றை அளந்து கழிக்க வேண்டும். பாதரசம், செம்பு போன்ற உலோகங்களும் நொதியை முடக்கும் என்பதால், மின்னோட்டம் விழுந்ததுமே மருந்து என்று கத்திவிடாதே.

அறிக்கையில் ‘பூச்சிமருந்து இல்லை’ என்ற வாக்கியத்தை அடித்துவிடு. ‘கோலினெஸ்டெரேஸைத் தடுக்கும் பொருள், பாராக்சான் கணக்கில், இந்த அளவுக்குக் கீழ்’ என்று எழுது. சந்தேகமான மாதிரிகளை எல்.சி.-எம்.எஸ். சோதனைக்கு அனுப்பும்போது பூஜ்யம் காட்டியவற்றிலும் சிலவற்றைச் சேர்த்து அனுப்பு. செலவு என்று உன் வழிகாட்டி முணுமுணுத்தால் என் பெயரைச் சொல். புரோமின் நீரைப் புகைப்பெட்டிக்கு வெளியே திறக்காதே.

அன்புடன்,
உன் பழைய வேதியியல் வாத்தியார்